பிள்ளைக் காம்பராவின் நான்கு திரைகள்

ஸ்பிரிங்வெளிப் பாதையில் முச்சக்கரவண்டியை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்து, நிரஞ்சலா சொன்ன கட்டடத்தைக் கண்டுபிடித்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா அது. கூரைமரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் தொங்கின. அவற்றுக்கு எதிரே ஒரு நீளப் பலகையில் நான்கு கணினித் திரைகள் வரிசையாக நின்றன. நான்கிலும் பெரிய எழுத்தில் 12 என்று இருந்தது. ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் பச்சைப் புள்ளி ஒன்று விட்டுவிட்டு ஒளிர்ந்தது.

என்ன என்று கேட்பதற்குள் தகரக் கூரையில் மழை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நான்கு திரைகளும் ஒரே கணத்தில் 13 ஆகின. பாயில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்தாமலே "பதிமூணு" என்றார்கள்.

நான் பல நாடுகளில் வேலை பார்த்தும் சுற்றியும் திரும்பியவள். உயரமான கட்டடங்களையும் பாலைவனத்தையும் உறைந்த ஏரியையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பதின்மூன்று என்னை நிறுத்தியது போல அவை எதுவும் நிறுத்தவில்லை. மேலே மழையிருளில் மறைந்து நிற்கும் மலையில் பெய்த மழை, இங்கே நான்கு இடத்தில் ஒரே எண்ணாக வந்து நின்றது. அதை அங்கே கொண்டுவந்து வைத்த நிரஞ்சலா பள்ளியில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள். ஹாலிஎலயில் இரண்டு நாள் தங்கிவிட்டுக் கொழும்புக்குப் போவதாக இருந்தேன். பையைப் பிரிக்காமலே அந்தப் பருவம் முழுவதும் தங்கிவிட்டேன்.

நிரஞ்சலா பிறந்தது அந்தக் காம்பராவுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். தாய் பாக்கியலெட்சுமி கொழுந்து எடுக்கிறார். நிரஞ்சலா பதுளையில் படித்து, கணினியில் ஒரு டிப்ளோமா முடித்து, நகரத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் பில் போடும் கணினிகளைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கடை முதலாளியின் மகன் கிரிஷாந்தனுக்கு எங்கள் வயதுதான். கடைக்குப் புதிய தொடுதிரைகள் வாங்கியபோது பழைய தொடுதிரைகளை அவளுக்குக் கொடுத்தவன் அவன்தான்.

"சும்மா தாறேன்னு நெனைக்காதீங்க. கம்ப்யூட்டர் படுத்தா ஞாயித்துக்கெழமையும் வரணும்," என்றானாம்.

"இப்ப மட்டும் என்னா, ஞாயித்துக்கெழம வீட்டுலயா இருக்கேன்?" என்றாளாம் இவள்.

அவள் முதலில் செய்தது ஒரே ஒரு திரை. லயத்துக்கு மேலே உள்ள சரிவு மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கனத்துப்போகும். எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் இரவு பகலில் எவ்வளவு மழை விழுந்தது என்று தெரிந்தால், எப்போது வீட்டை விட்டுப் போகவேண்டும் என்பதையாவது முடிவு செய்யலாம். சரிவின் உச்சியில், சவுக்கு மரங்களைத் தாண்டி, வெட்டவெளியில் ஒரு தகரக் குவளையை நட்டாள். அதற்குள் ஊஞ்சல் பலகை போல ஒரு சின்னத் தட்டு. ஒரு பக்கம் நீர் நிறைந்ததும் கவிழும். மறுபக்கம் நிறையத் தொடங்கும். ஒவ்வொரு முறை கவிழும்போதும் ஒரு கம்பி வழியாகக் காம்பராவுக்குச் செய்தி வரும். கணினி கடைசி ஒரு நாளில் விழுந்ததைக் கூட்டித் திரையில் எண்ணாகக் காட்டும். எண் ஏறினால் மஞ்சளாகும். சிவப்பானால் எல்லோரும் மேலே கோவிலுக்கு ஏறவேண்டும். கோவில் இருப்பது பாறையின் மேல். அதற்கு ஒன்றும் ஆகாது.

அந்த முதல் திரை நான் வருவதற்கு முந்திய ஆண்டு மாரியில் ஒரு பிற்பகல் 38 என்று காட்டியபடியே நின்றுவிட்டது. வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தைகளைப் பார்க்கும் அங்கம்மா திரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கூப்பிட்ட குரலுக்கு வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு கோவிலுக்கு ஏறிவிட்டார். மண் வந்தது. லயத்துக்குப் பக்கத்தில் இருந்த வல்லாரைப் பாத்திகளும் ஒரு ஆட்டுப்பட்டியும் போயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த லயத்தில் பெரியவர்கள் யாரும் திரையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

"இனிமே ஒன் பெட்டிய நம்ப மாட்டேன் புள்ள," என்று அங்கம்மா அவளிடம் நேராகவே சொல்லியிருக்கிறார். "நான் பீப்பாய நம்புறேன்."

கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு நீலப் பீப்பாய் நிற்கிறது. அது நிறைந்தால் கிளம்பவேண்டும் என்பது லயத்தின் புதிய ஏற்பாடு. அதில் உள்ள சிக்கல் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில்தான் சட்டி கழுவுவார்கள், துணி அலசுவார்கள். பெருமழை நாளில் அது பாதி காலியாகவும் இருக்கலாம். தூறலில் நிறைந்தும் நிற்கலாம்.

நிரஞ்சலாவுக்கு அந்த 38 தூக்கத்தைக் கெடுத்தது. அடுத்த மழையில் அந்த மனிதர்கள் எதை நம்பி எழுந்து போவார்கள் என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வியாக இருந்தது. கணினியைத் திறந்து ஆராய்ந்தபோது குவளை சரியாக வேலை செய்திருந்தது. கம்பியும் சரி. கணினி கூட்டிய கணக்கும் சரி. உள்ளே எண் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. திரையில் வரையும் பகுதி மட்டும் எங்கோ தடுக்கி நின்றிருக்கிறது.

"பொய் சொல்லலடி அது," என்றாள் என்னிடம். "பழைய உண்மையச் சொல்லிக்கிட்டே நின்னுருக்கு. பொய்யின்னா கண்டுபுடிச்சிருப்பாங்க."

திரையில் வரைவது என்றால் என்ன என்று அவள் வேலை செய்யும் கடையில் வைத்துத்தான் எனக்கு விளங்கவைத்தாள். சுவரில் சாத்தி வைத்திருந்த யன்னல் நிலைகளைக் காட்டினாள். வீடு கட்டுகிறவர்கள் மரத்தை அறுத்து நிலை செய்வதில்லை. செய்து வைத்ததை வாங்கிப் பொருத்துகிறார்கள். கணினி நிரல் எழுதுகிறவர்களும் அப்படித்தான். திரையில் தெரியும் சட்டம், பொத்தான், எழுத்து, புள்ளி எல்லாம் செய்து வைத்த பொருட்கள். அவற்றைத் தொகுத்துத் தரும் கருவித்தொகுப்புகள் உலகத்தில் பல இருக்கின்றன. டிகே என்று ஒன்று, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது, இன்றும் ஓடுகிறது. கியூட்டி என்று ஒன்று, ஜிடிகே என்று ஒன்று. இணையப் பக்கத்தையே திரையாக்கிக் கொள்ளும் வகைகளும் உண்டு. பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கும்.

"எது நல்லது?" என்றேன்.

"அப்பிடிக் கேட்டா நெட்டுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்னச் சொல்லுவாங்க. அழகா இருக்கும்பாங்க, வேகமா இருக்கும்பாங்க. நான் கேக்குறது வேற. நம்ம ஊரு ஈரத்துல, கரண்ட் போய்ப் போய் வர்றப்ப, யாருமே தொடாம, மாசக்கணக்கா நிக்குமா? அத யாரும் எழுதல."

"அதுக்கு நீ எழுதப் போறியா?"

"எழுதலடி. நிப்பாட்டிப் பாக்கப் போறேன்."

அப்படித்தான் நான்கு திரைகள் வந்தன. ஒரே எண், ஒரே புள்ளி, ஒரே இரண்டு பொத்தான்கள், நான்கு வெவ்வேறு கருவித்தொகுப்புகளில். நான்குக்கும் ஒரே குவளையிலிருந்து செய்தி. சித்திரை மழையில் தொடங்கினாள். கடைக்குள் பத்திரமாக வைத்துச் சோதிக்காமல் காம்பராவில் வைத்தாள். ஈரமும் புகையும் எறும்பும் பிள்ளைகளின் பிசுபிசுத்த விரல்களும் அங்கேதான் இருந்தன.

எந்தத் திரை எந்தத் தொகுப்பு என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு பிள்ளைக் காம்பராவில் நடந்ததை வைத்து உலகம் முழுவதும் ஓடுகிற ஒன்றைக் குறை சொல்லக்கூடாது, பாதிக் குற்றம் தான் நிரல் எழுதிய விதத்திலும் இருக்கும் என்று அவளே சொன்னாள். அது ஒரு பக்கம் இருக்க, அங்கே யாரும் அந்த உண்மைப் பெயர்களைச் சொல்வதுமில்லை. அங்கம்மா வேறு பெயர்கள் வைத்துவிட்டார்.

முதல் திரை மருமகள். எழுத்தும் நிறமும் அவ்வளவு அழகு. எண் மாறும்போது மெதுவாகக் கரைந்து மாறும். இரண்டாவது கங்காணி, தோட்டத்து மேற்பார்வையாளர் மாதிரி. சாம்பல் நிறம், தடித்த ஓரம், பழைய பாணிப் பொத்தான். அதை மின்வெட்டும் எறும்பும் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது கல்யாணவீடு. ஒரு எண்ணைக் காட்டுவதற்கு ஊரையே கூட்டிக்கொண்டு வரும், கணினியின் நினைவகத்தை நாளுக்கு நாள் அதிகமாகத் தின்னும், வாரக்கடைசியில் சோர்ந்துபோகும். நான்காவது கோச்சி. பதுளைக்கு வரும் ரயிலைப் போல, நடுவழியில் நின்று திரும்பக் கிளம்பும். திடீரென்று முழுவதும் கறுத்துப்போகும். உடனே மேலும் கீழும் பார்த்துக்கொண்டு திரும்பி வரும்.

"இது தேறாது," என்பார் அங்கம்மா கோச்சியைப் பார்த்து. "பதுளைக்கு வந்து சேராது, தெமோதரயோட நின்னுரும்."

"நிக்கட்டும் அங்கம்மாக்கா, எப்பிடி நிக்குதுன்னு பாப்போம்."

"மழ வர்றப்பயும் பாத்துக்கிட்டே இரு. நாங்க பீப்பாயப் பாத்துக்கிறோம்."

நான் போய்ச் சேர்ந்தபோது ஆடி பிறந்திருந்தது. கங்காணியைத் தேர்ந்தெடுப்பது என்று நிரஞ்சலா அநேகமாக முடிவு செய்திருந்தாள். அது ஒரு நாளும் விழவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. நிலைத்து நிற்பது என்பதில் இரண்டு வகை உண்டு என்று அவள் சொல்வாள். ஓடும்போது விழாமல் இருப்பது ஒன்று. ஆண்டுகள் போனாலும் தன் முறைகளை மாற்றிக்கொள்ளாமல் இருப்பது இன்னொன்று. சில தொகுப்புகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வடிவில் வரும். பழைய நிரல் புதியதில் ஓடாது. எழுதியவரே உட்கார்ந்து திருத்தி எழுதவேண்டும். படிக்கும் காலத்தில் அவள் நான்கிலும் சின்னச் சின்ன விளையாட்டுகள் எழுதிப் பார்த்திருந்தாள். அவற்றை இப்போது எடுத்து ஓட்டினாள். கங்காணியின் பரமபதம் ஒரு எழுத்தும் மாற்றாமல் ஓடியது. கோச்சியுடையது இரண்டு மூன்று திருத்தங்களோடு ஓடியது. மருமகள் பாதிக் கட்டளைகளை அடையாளமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள்.

"நான் கல்யாணம் கட்டிக்கிட்டு எங்கயாவது போய்ட்டா இதத் திருத்த யாரு இருக்கா இங்க?" என்றாள் நிரஞ்சலா.

"மாப்பிள்ள யாரு?"

"இன்னும் கம்பைல் ஆகல," என்றாள், ஓடத் தயாராகாத நிரலைச் சொல்வது போல.

புரட்டாசி வந்தது. பதுளை மலைகளுக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான். அதற்குமுன் ஆயுத பூசை. தொழிற்சாலையில் உருளைகளுக்கும் இயந்திரங்களுக்கும், வீட்டில் கொழுந்துக் கூடைக்கும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துப் படைப்பார்கள். அன்று அவற்றை யாரும் தொடமாட்டார்கள். மறுநாள் காலையில்தான் எடுப்பார்கள். நிரஞ்சலா கடையில் பூசைக்காகப் பதுளைக்குப் போயிருந்தாள். நான் காம்பராவில் இருந்தேன். அங்கம்மா கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார்.

"ஒங்க பெட்டியா இருந்தாலும் எங்க காம்பராவுல இருக்குல்ல," என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான்கு திரைகளின் நடுவிலும் கட்டைவிரலால் அழுத்தி, தண்ணீர் சொட்டச் சொட்டப் பெரிய சந்தனப் பொட்டு வைத்தார். அதன் மேல் குங்குமம். ஒரு செவ்வந்திச் சரத்தை நான்கையும் சேர்த்துச் சுற்றினார். சூடம் காட்டினார். எனக்கும் விபூதி பூசிவிட்டார். காம்பரா அன்று விடுமுறை. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டோம்.

அன்று பிற்பகல், யாரும் எதிர்பாராமல், இரண்டு மணி நேரம் கனத்த மழை பெய்தது.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது நிரஞ்சலா முதலில் போனாள். அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால், பொட்டைத் துடைக்கத் துணியோடு அங்கம்மா. நான்கு திரைகளிலும் எண் ஒன்றாக இல்லை.

அவை தொடுதிரைகள். ஈரச் சந்தனம் விரலைப் போல வேலை செய்திருக்கிறது. நடுவில் இருந்த பொத்தானை யாரோ அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பதாக நான்கு கணினிகளும் நினைத்திருக்கின்றன. உலகத்தில் எந்த நிரலாளரும் தன் நிரலுக்கு இப்படி ஒரு சோதனை வைத்திருக்கமாட்டார்.

கங்காணி, பொத்தானை எடுக்கும்வரை காத்திருந்திருக்கிறது. மரியாதையாக, அசையாமல், மழை தொடங்குவதற்கு முன் இருந்த எண்ணோடு. அது உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி கேட்டுப் பார்க்க நிரஞ்சலா பின்னணியில் ஒரு காவல் நிரல் வைத்திருந்தாள். கேட்ட போதெல்லாம் இருக்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறது. கல்யாணவீடு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து, எழ முடியாமல் பாதி எண்ணில் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது.

நிரஞ்சலாவின் முகம் மாறியது மருமகளைப் பார்த்தபோதுதான். அதன் எண்ணும் பழையது. ஆனால் பச்சைப் புள்ளி அழகாக, சீராக, ஒளிர்ந்து அடங்கி ஒளிர்ந்து அடங்கிக்கொண்டிருந்தது.

"பாருடி," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "எண்ணு செத்துருச்சு. புள்ளி உயிரோட இருக்கு. அசையிறத வரையிறது தனியா ஓடுது இதுல. கணக்கு நின்னாலும் அது நிக்காது. இத நம்பி உக்காந்திருந்தா..."

நான் சரிவைப் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே ஈரம் மினுங்க அது மிக அருகில் நின்றது.

நான்காவது திரை, கோச்சி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. செவ்வந்திச் சரம் மட்டும் கறுப்பில் தெரிந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். திரும்பி வந்தது. பொத்தான் அமுக்கியிருப்பதைத் தாங்காமல் கொஞ்ச நேரத்தில் மறுபடி விழுந்தது. மறுபடி வந்தது. இரவு முழுவதும் அப்படி விழுந்து எழுந்திருக்கிறது. எழுந்த ஒவ்வொரு முறையும் குவளையின் கணக்கைப் புதிதாகக் கேட்டு, சரியான எண்ணை எழுதியிருக்கிறது. நான்கில் அது ஒன்றுதான் மலையில் விழுந்த மழையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நிரஞ்சலா அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். கோவில் கருவறைக்கு முன்னால் நிற்கிறவர்களை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"நான் வச்ச பொட்டுதான் கெடுத்துருச்சா புள்ள?" என்றார் அங்கம்மா. துணியைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"கெடுக்கலக்கா. நல்ல காலம் வச்சீங்க."

"அப்ப தொடைக்கவா வேணாமா? ஒன்ன சொல்லு. அடுப்புல பால் இருக்கு."

அன்று கடைக்குப் போகும் பஸ்ஸை நிரஞ்சலா விட்டுவிட்டாள். கிரிஷாந்தன் தொலைபேசியில் கத்தியது எனக்கும் கேட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து அவள் பேசியதை எனக்குச் சொன்னதா, தனக்குச் சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. விழாத ஒன்றை இத்தனை மாதம் தேடியிருக்கிறாள். விழாதது எது என்று கண்டுபிடித்தும் விட்டாள். அது ஒரு பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றது. விழுந்தால் விழுந்தது எல்லோருக்கும் தெரியும்படி விழுகிற ஒன்று, எழுந்தால் புதிதாகக் கேட்டு எழுகிற ஒன்று, அதுதான் இந்தக் காம்பராவுக்கு வேண்டியது. உலகத்தில் எந்த ஒப்பீட்டிலும் அதைக் குறையாகத்தான் எழுதுவார்கள்.

"கங்காணி வருசக்கணக்கா நிக்குமே," என்றேன். "நீ அதத்தான சொன்ன?"

"சொன்னேன். கோச்சிக்கு அஞ்சாறு வருசத்துக்கு ஒருக்கா கொஞ்சம் திருத்தணும். திருத்துறவங்க வேணும். அதுக்கு இந்த லயத்துல ரெண்டு புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்துறலாம். செத்த எண்ணுக்கு யாரும் ஒன்னும் செய்ய முடியாது."

அடுத்த சில வாரம் கோச்சியைத் திருத்தினாள். பச்சைப் புள்ளியை மாற்றினாள்: அது இனித் தானாக ஒளிராது, மலையிலிருந்து செய்தி வந்தால் மட்டுமே ஒருமுறை ஒளிரும். மழை இல்லாதபோதும் குவளை இருக்கிறேன் என்று இடையிடையே சொல்லும்படி செய்தாள். அப்புறம் இன்னொன்று செய்தாள். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. திரையின் மேல்பக்கம், எண்ணுக்கு மேலே நடுவில், மஞ்சளாக ஒரு சின்ன வட்டம் வரைந்தாள். அந்த வட்டத்தைத் தொட்டால் எதுவும் நடக்காது. எவ்வளவு நேரம் தொட்டாலும் எதுவும் நடக்காது.

"இது என்னா புள்ள?" என்றார் அங்கம்மா.

"பொட்டு வக்கிற எடம்."

அங்கம்மா வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப எங்க பழக்கத்த மாத்தச் சொல்ல மாட்டியா?"

"நீங்க மாத்த மாட்டீங்கக்கா. பெட்டிய மாத்துறது லேசு."

அங்கம்மா சிரித்தார். ஆனால் பீப்பாய் அங்கேயே இருந்தது.

மற்ற மூன்று திரைகளையும் இறக்கிக் கடைக்குத் திருப்பி அனுப்பினாள். தீபாவளி முடிந்தது. கார்த்திகையில் ஒரு நாள் காலை முதல் மழை விடவில்லை. நிரஞ்சலா கடையில் இருந்தாள். கொழுந்தெடுக்கப் போனவர்கள் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்தே திரும்பினார்கள். பாதையில் மரங்கள் விழுந்து பஸ் நின்றுவிட்டது. பிற்பகலில் காம்பராவில் அங்கம்மாவும், மழையில் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத குழந்தைகளும் நானும், மழைக்கு ஒதுங்க வந்த சிலரும் இருந்தோம். எண் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குத் தெரிந்த எண்களைத் தாண்டி அது எப்போதோ போயிருந்தது. அவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிரஞ்சலா அழைத்தாள். "என்னா நெறம்?"

"மஞ்சள்."

"நான் நடந்து வரப் பாக்குறேன். அங்கம்மாக்காகிட்ட சொல்லு, செவப்பானா..."

தொடர்பு அறுந்தது. மின்சாரமும் போனது. பற்றரியில் திரை மட்டும் எரிந்தது.

அந்தக் கூரையின் சத்தத்தை என்னால் எழுத முடியாது. வாசலுக்கு வெளியே தேயிலை தெரியவில்லை, வானம் தெரியவில்லை, மலை முழுவதும் தண்ணீராக இறங்கி வருவது போல இருந்தது. அதற்குள், அந்தச் சின்னச் சதுரத்தில், எண் ஒவ்வொன்றாக ஏறியது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் புள்ளி ஒருமுறை ஒளிர்ந்தது. எங்கோ மேலே, யாரும் இல்லாத இடத்தில், ஒரு தகரக் குவளை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று அந்தப் புள்ளி சொல்லிக்கொண்டே இருந்தது.

எண் சிவப்பானது.

யாரும் அசையவில்லை. லயத்தின் கடைசி வீட்டில் இருக்கும் கந்தப்பன் வாசலில் நின்று பீப்பாயை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ரொம்பல. போன தடவையும் இந்தப் பெட்டிதான சொதப்புச்சு," என்றார்.

அவர் சொல்லி முடிக்கவும் திரை கறுத்தது.

எல்லோரும் கறுப்புச் சதுரத்தைப் பார்த்தார்கள். "பாத்தியா?" என்றார் கந்தப்பன். அங்கம்மா கையை உயர்த்தி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. திரை வந்தது. சிவப்பாகவே வந்தது, இரண்டு எண் கூடி. புள்ளி ஒளிர்ந்தது.

"செத்தத மறைக்கல," என்றார் அங்கம்மா. தொட்டிலிலிருந்து ஒரு குழந்தையை எடுத்து என் கையில் தந்தார். இன்னொன்றை இடுப்பில் வைத்தார். "கெளம்புங்க."

"பீப்பா இன்னும்..."

"ஒம் பொஞ்சாதி காத்தால அதுலதான் பொடவ அலசுனா. போய் அவளக் கூட்டிக்கிட்டு வா."

கீழ் லயம் முழுவதும் ஏறியது. தலையில் சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டுக்கொண்டு, ஆட்டைப் பிடித்துக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, கிழவர்களைத் தோளில் தாங்கிக்கொண்டு. படி எல்லாம் ஓடையாகியிருந்தது. என் கையிலிருந்த குழந்தை மழையைப் பார்த்து வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தது. நடுவழியில் திரும்பிப் பார்த்தேன். காம்பராவின் யன்னலில் சிவப்பாக ஒரு சின்ன வெளிச்சம். அதை எழுதியவள் எங்கோ பாதையில் இருக்கிறாள். அவளைக் கேட்காமல் ஒரு லயம் அவள் சொல்லுக்கு எழுந்து நடந்துகொண்டிருந்தது. பாதங்கள் கற்களில் வழுக்கும் சத்தமும் பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தமும் மழைக்குள் மேலே மேலே போயின.

அன்று மலை இறங்கவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. சரிவு கழுவிவிட்டது போல, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. நிரஞ்சலா முழங்கால்வரை சேற்றோடு வந்து சேர்ந்தபோது எல்லோரும் கோவிலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் முதலில் சரிவைப் பார்த்தாள். பிறகு வருகிறவர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மலை நின்றதற்கு அவள் மகிழ்ந்ததும், வீணாக ஏற்றிவிட்டோமோ என்று பயந்ததும் ஒரே முகத்தில் தெரிந்தன.

கந்தப்பன் அவளுக்கு முன்னால் வந்து நின்றார். குளிரில் உதடு வெளுத்திருந்தது.

"மல அங்கனயேதான் நிக்கிது," என்றார்.

"ஆமாங்க மாமா."

"மறுபடி செவப்பானா மறுபடி ஏறணுமா?"

"ஏறணும்."

அவர் தலையில் கிடந்த சாக்கை எடுத்து உதறினார். "அப்ப மேல கொஞ்சம் தேத்தூளும் சீனியும் வச்சிரணும். ராத்திரிக்கெல்லாம் ஒன்னுமே இல்ல அங்க," என்று சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் நடந்தார்.

நிரஞ்சலா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். காம்பராவுக்குள் போனபோது எண் மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. மேலே இருந்த வட்டத்தில் புதிதாக, ஈரம் காயாத சந்தனப் பொட்டு இருந்தது. அன்று பூசை நாளோ வெள்ளிக்கிழமையோ இல்லை.

வெளியே அங்கம்மா பீப்பாயைச் சாய்த்து, மழைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, பிள்ளைகளின் துணிகளை நனையப் போட்டுக்கொண்டிருந்தார். பீப்பாயில் எவ்வளவு இருந்தது என்று அவர் பார்க்கவில்லை.